கறுப்புச் சட்டையோடு வாருங்கள்: தேக்கா முதல் அலிவால் ஸ்திரீட் வரை

சிங்கப்பூரில் கலைஞர் பேட்டை என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது, அதற்கும் உரிமம் வாங்கியிருப்பார்கள்" என்பார் எங்கள் குழுவின் ஒலியமைப்பாளர். பாதி கிண்டல், பாதி உண்மை. நீண்ட முடி, நள்ளிரவுக் கிட்டார், வாடகை பாக்கி வைத்த ஓவியன் என்று கற்பனை செய்துகொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே நாடகக்காரர் காலையில் அலுவலகம் போகிறார். மாலை ஏழரைக்குக் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒத்திகைக்கு வருகிறார். பத்தரைக்கு மேல் கடைசி ரயிலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறார். இடையில் இருக்கும் மூன்று மணி நேரம்தான் நம் பேட்டை.

அந்த மூன்று மணி நேரத்துக்குள் எப்படி நுழைவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஊரில் நாடகமோ பறையோ கவிதையோ பழகிவிட்டு, இங்கே யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் இருப்பவருக்கு இது பயன்படலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பள்ளி நாடகத்தோடு மேடையை விட்டுவிட்டவருக்கும்தான். நான் வந்த புதிதில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஓராண்டு முழுக்கப் பார்வையாளனாகவே சுற்றினேன். அந்த ஓராண்டை உங்களுக்கு மிச்சப்படுத்தப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு மாலை நடங்கள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, தேக்கா சந்தைக்கு எதிரே கெர்பாவ் ரோட்டுக்கு வாருங்கள். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்திலேயே பஃபலோ ரோடும் இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம், பெயர்கள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. 1900ல் கட்டிய டான் டெங் நியா வீடு இங்கேதான். எல்லாரும் படம் எடுக்கும் அந்த வானவில் வீடு. வண்ணங்கள் பின்னாளில் பூசியவை. அதை ஒட்டிய கடைவீடுகளைக் கலைக் குழுக்களுக்கு மானிய வாடகையில் கொடுக்கும் வழக்கம் உண்டு. கலைகளுக்கு மானியம் தரும் தேசிய கலைகள் மன்றம் அப்போது பிறக்கவே இல்லை, 1985லேயே அரசு இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இன்று ஃபூனான் கடைத்தொகுதியில் சொந்த அரங்கு வைத்திருக்கும் வைல்ட் ரைஸ் நாடகக் குழுகூட 2019ல் அங்கே போகும்வரை கெர்பாவ் ரோட்டு மாடியில்தான் இருந்தது.

அங்கிருந்து கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். 2015ல் திறந்தது. இந்து ரோட்டுப் பக்கம் ஒதுங்கினால் சுவரில் ரஜினிகாந்த். சுவரோவியங்கள் இங்கே மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் போகும் நாளில் தலைவர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் ரோச்சோர் பக்கம் நடந்தால் மெக்னேலி ஸ்திரீட்டில் லாசால் கலைக் கல்லூரி. வெளியிலிருந்து கறுப்புப் பெட்டி, உள்ளே போனால் கண்ணாடிப் பள்ளத்தாக்கு. அங்குள்ள காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமில்லை. மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் உங்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வாட்டர்லூ ஸ்திரீட். இந்தத் தெருவில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். ஒரு பக்கம் சீனர்கள் கருணைத் தாயாக வணங்கும் குவான் இம் கோயில், நாலு எட்டு தள்ளி ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீன ஆச்சிகள் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலுக்கும் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் அவர்களுக்கென்றே பத்தி குத்தும் சட்டி இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். பன்மொழி நாடகம், பன்மொழி அரங்கு என்று இங்குள்ள கலைஞர்கள் ஓயாமல் பேசுவதன் வேர் கருத்தரங்கில் இல்லை, இந்த ஐம்பது அடி நடைபாதையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே தெருவில் ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையம். 1920ல் ஜப்பானியப் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி, பிறகு பெண்கள் பள்ளி. 2019ல் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து மரபுக் கலைகளுக்கு முதலிடம். சாயங்காலம் தாழ்வாரத்தில் நின்றால் ஒரு அறையிலிருந்து ஜதி, இன்னொரு அறையிலிருந்து சீனத் தந்திக்கருவி. கொஞ்சம் தள்ளி தியேட்டர் பிராக்டிஸ் என்ற சீன மொழி நாடகக் குழு. அதை நிறுவியவர்களில் ஒருவர் குவோ பாவ் குன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், யார் பேச்சிலாவது வரும். 1988ல் அவர் மேடையேற்றிய ஒரு நாடகத்தில், ஒரு சீனத் தாயும் ஒரு தமிழ் முதியவரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே தங்கள் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். சிங்கப்பூர் மேடையில் தமிழ் மற்ற மொழிகளோடு சமமாக உட்கார்ந்த தொடக்கக் காட்சிகளில் அது ஒன்று.

மிடில் ரோட்டில் பழைய தேவாலயக் கட்டடத்தில் ஆப்ஜெக்டிஃப்ஸ், புகைப்படத்துக்கும் குறும்படத்துக்கும். அங்கிருந்து பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். தூரிகை, தாள், வண்ணம், பழைய புத்தகம் எல்லாம் அங்கே. கடைசியாக அராப் ஸ்திரீட்டைத் தாண்டி அலிவால் ஸ்திரீட், 2013ல் திறந்த அலிவால் கலை நிலையம். ஹாஜி லேனைப் பற்றிக் கேட்பீர்கள். அழகான சந்துதான், படம் எடுங்கள், காபி குடியுங்கள். கலைஞர்களைத் தேடி அங்கே போகாதீர்கள். அந்த வாடகைக்கு அவர்களால் அங்கே இருக்க முடியாது.

ஒன்று மட்டும். இந்த வரைபடம் சீக்கிரம் பழசாகும். 1990ல் குவோ பாவ் குன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஒரு பழைய மின்நிலையத்தில் தொடங்கிய சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் 2021ல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. கோல்டன் மைல் டவரில் மாற்றுச் சினிமா காட்டிய புரொஜெக்டர் 2025ல் மூடியே விட்டது. ஒரு முகவரியைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள், அந்தக் குழுவின் சமூக ஊடகப் பக்கத்தில் கடைசிப் பதிவு எப்போது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பார்வையாளராக இருக்கும் காலம்

இதை நீட்ட வேண்டாம், இரண்டு மூன்று மாதம் போதும். ஏப்ரல் மாதம் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ் மொழி விழா. அந்த மாதத்தில் நாடகம், கவியரங்கம், பட்டிமன்றம், பயிலரங்கு என்று எந்த வார இறுதியிலும் மூன்று இடங்களில் நிகழ்ச்சி இருக்கும், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. நவம்பர் வாக்கில் எஸ்பிளனேட் அரங்க வளாகத்தில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா. எஸ்பிளனேட் திறந்த 2002லிருந்தே நடப்பது. பெரிய அரங்குகளுக்குத்தான் டிக்கெட். நுழைவுக் கூடத்திலும் கடலோரத் திறந்தவெளி மேடையிலும் ஆண்டு முழுக்க இலவசமாக ஏதாவது நடக்கும். சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில் என்னைக் காப்பாற்றியவை அவைதான்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இன்னொரு வசதி. 2025ல் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 100 வெள்ளி கலாசாரச் சலுகை உண்டு, 2028 இறுதிவரை செல்லும். உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குத்தான் பயன்படுத்தலாம். இதை வைத்துக்கொண்டே "டிக்கெட் விலை அதிகம்பா" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

நேரம் பற்றி எச்சரிக்கை. எட்டு மணி என்றால் எட்டு மணி. நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டே காலுக்குப் போய் நின்றால், பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே திரையில்தான் நாடகம் பார்க்க வேண்டும். சின்ன அரங்கு என்றால் உள்ளே விடாமலே போகலாம். கைபேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பது கடைசி வணக்கத்தின்போது மட்டும், அதுவும் அறிவித்தால்.

நாடகம் முடிந்ததும் ஓடாதீர்கள். பல குழுக்கள் கலந்துரையாடல் வைப்பார்கள். முதல் கேள்விக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள், நீங்கள் தூக்குங்கள். "அருமை, வாழ்த்துகள்" என்று சொல்லாமல் ஒரு காட்சியைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது, "அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டவர்தானே?" என்று இயக்குநர் அடையாளம் கண்டுகொள்வார். எனக்கு அப்படித்தான் நடந்தது. நாற்காலிதான் என்னை உள்ளே கொண்டுபோனது.

யார் யார் இருக்கிறார்கள்

தமிழ் நாடகத்தில் ரவீந்திரன் நாடகக் குழு 1988லிருந்து இருக்கிறது. அவாண்ட் நாடகக் குழு 2011ல் தொடங்கியது. அகம், மிரர், அதிபதி என்று இன்னும் பல குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று குடும்பத்தோடு பார்க்கும் நகைச்சுவை செய்யும், ஒன்று எழுத்தாளரை உட்காரவைத்து ஓராண்டு புதுப் பிரதி எழுத வைக்கும், இன்னொன்று பள்ளிகளுக்குப் போய் மாணவர்களைப் பழக்கும். எந்தக் குழு எதைச் செய்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை, அடுத்த ஆண்டு மாறியிருக்கும். இரண்டு நாடகம் பாருங்கள், தெரிந்துவிடும். பெரும்பாலான தமிழ் நாடகங்களுக்கு மேலே திரையில் ஆங்கில வரிகள் ஓடும், அதனால் சீன, மலாய் நண்பர்களையும் அழைத்துப் போகலாம்.

நடனம், சங்கீதம் என்றால் வரலாறு இன்னும் நீளம். சிங்கப்பூர் இந்தியர் நுண்கலைக் கழகம் 1949லிருந்து. பாஸ்கர் மாஸ்டர் நடனப் பள்ளியைத் தொடங்கியது 1952ல். நீலா சத்தியலிங்கம் தம் கணவரோடு அப்சராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கியது 1977ல். ஊரில் ஏழெட்டு ஆண்டு பரதம் கற்றவர்கள் இங்கே வந்து முதல் வேலையாகத் தனி அரங்கம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் ஒரு பள்ளியின் நாட்டிய நாடகத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடுங்கள். ஆறு மாதத்தில் ஊரே தெரியும்.

எழுதுகிறவர் என்றால் வழி சுலபம். கவிமாலையும் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களமும் மாதந்தோறும் கூடுபவை. கவிதையையோ சிறுகதையையோ எடுத்துக்கொண்டு போனால் வாசிக்க வைப்பார்கள், அங்கேயே குறையும் சொல்வார்கள். தேசிய கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுப் போட்டி 1993லிருந்து நான்கு மொழியிலும் நடக்கிறது. கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்பவராக இருந்தால், 2014ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியைப் பற்றி விசாரியுங்கள். அதன் வழியாக வந்தவர்களின் குரலை இன்று நூலக மேடைகளிலேயே கேட்கலாம்.

ஓவியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே ஆளை விடப் பெரிய சிவப்பு மிளகாய் ஒன்று நிற்கும். குமாரி நாகப்பனின் வெண்கலச் சிற்பம். சுற்றுப்பயணிகள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். நம் சமையலறையிலிருந்து ஒரு பொருள் எடுத்து நகரத்தின் நடுவில் நட்டுவிட்டார் அல்லவா, அதைப் பார்த்தபிறகு "தமிழ் ஓவியக் கண்காட்சி எங்கே நடக்கிறது" என்று தனியாகத் தேடுவதை நிறுத்திவிட்டேன். எஸ். சந்திரசேகரனும் அப்படித்தான், 1988ல் கோ ஈ சூ, சாலே ஜாபார் இருவரோடும் சேர்ந்து திரிமூர்த்தி என்று கண்காட்சி வைத்தவர். காட்சிக் கலையில் மொழிச் சுவர் குறைவு, நேராகப் போங்கள்.

உள்ளே போகும் வழி பின்வாசல்

ஆடிஷனுக்குக் காத்திருக்காதீர்கள். நடிக்க ஆசைப்படுபவர் நாற்பது பேர் இருக்கிறார்கள், மேஜையைத் தூக்குபவர்தான் கிடைப்பதில்லை. குழுவின் பக்கத்துக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "வணக்கம், என் பெயர் இன்னது. உங்கள் சென்ற நாடகம் பார்த்தேன். செவ்வாய், வியாழன் இரவும் ஞாயிறு முழுக்கவும் வர முடியும். மேடைக்குப் பின்னால் எந்த வேலையானாலும் சரி." நாட்களைக் குறிப்பிடுவது முக்கியம். "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்பவரை யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அவர்தான் முதலில் காணாமல் போவார். ஊரில் செய்த சாதனைகளைப் பற்றி முதல் செய்தியில் எழுத வேண்டாம். அதற்கெல்லாம் பிறகு நேரம் வரும்.

பதில் வந்தால் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், காலை முழுதாக மூடும் ஷூ. செருப்போடு வந்தால் மேடையில் விட மாட்டார்கள். சின்ன டார்ச், தண்ணீர் பாட்டில், பென்சில். பேனா வேண்டாம், பிரதியில் குறிப்புகள் தினமும் மாறும். குளிராடை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், அரங்கின் குளிர்சாதனம் யாருக்கும் இரங்காது.

நீங்கள் கேட்கப்போகும் சொற்கள் சில. பம்ப்-இன் என்றால் அரங்குக்குள் பொருள்களை ஏற்றும் நாள், பம்ப்-அவுட் இறக்கும் நாள். கால் டைம் என்பது நீங்கள் வந்து நிற்க வேண்டிய நேரம், அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வருவது மரியாதை. டெக் என்பது விளக்கும் ஒலியும் பழகும் ஒத்திகை. அன்று நடிகர்கள் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்பார்கள், வசனம் யாருக்கும் வேண்டாம், விளக்குதான் கதாநாயகன். ஸ்பைக் என்பது நாற்காலி, மேஜை வைக்கும் இடத்தைத் தரையில் காட்டும் சின்ன வண்ண நாடா. காட்சிக்கு ஒரு நிறம். இருட்டில், எட்டு எண்ணுவதற்குள், மேஜையின் காலை அந்த நாடாவின் மூலையில் சரியாக வைக்க வேண்டும். அரை அடி தள்ளினால் நடிகரின் முகத்தில் வெளிச்சம் விழாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டேஜ் மேனேஜர். ஒத்திகைக் காலம் இயக்குநருடையது, அரங்குக்குள் வந்தபின் ஸ்டேஜ் மேனேஜர் சொல்வதுதான் சட்டம். ஹெட்செட்டில் அவர் "லைட் இருபத்து மூன்று, ஸ்டேண்ட் பை" என்பார். நீங்கள் "ஸ்டேண்டிங் பை" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு "கோ" என்பார், அந்த எழுத்து காதில் விழுந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் ஹெட்செட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது.

எனக்கு முதன்முதலாக விளக்குப் பொத்தான் கொடுத்த அன்று டெக் ஒத்திகை. மேடையில் மூத்த நடிகர் ஒருவர், இறந்துபோன மகனுக்குக் கடிதம் வாசிக்கும் காட்சி. ஸ்டேஜ் மேனேஜர் அக்கா "இருபத்து மூன்று, ஸ்டேண்ட் பை" என்றார். என் விரல் பொத்தான்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, மேடைக்கு அந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டியிருந்த தம்பி மெதுவாகக் கேட்டான்: "கோபி யாருக்கெல்லாம் வேணும்?"

முதல் எழுத்திலேயே அழுத்திவிட்டேன். அரங்கம் இருண்டது. கடிதம் பாதியில். இருட்டுக்குள்ளிருந்து அந்தப் பெரியவரின் குரல் மட்டும் வந்தது: "எனக்கு ஒரு கோபி-ஓ கொசோங், சீனி போட்டுடாதே." கோபி என்பது இங்கே காபி, கோபி-ஓ என்றால் பால் இல்லாதது, கொசோங் என்றாலே சீனி இல்லாததுதான். எங்கள் மேல் நம்பிக்கை போய் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஹெட்செட்டில் கோபி என்று யாரும் சொல்வதில்லை, "கறுப்புத் தண்ணி" என்போம்.

பேச்சும் மரியாதையும்

மூத்தவர்களை ஐயா, அம்மா என்று தொடங்குங்கள். அவர்களே ஒரு நாள் "அண்ணன்னு கூப்பிடுப்பா" என்பார்கள். அரங்கத் தொழில்நுட்பக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் அங்கிள், பாங் (மலாயில் அண்ணன்) என்பது வழக்கம். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. இருபது ஆண்டு அந்த அரங்கின் கூரையில் ஏறி இறங்கியவர்கள், உங்கள் இயக்குநருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்குள்ள இளைஞர்களின் தமிழைத் திருத்தாதீர்கள். உச்சரிப்பு வேறாக இருக்கும், நடுவில் மலாயும் வாக்கியக் கடைசியில் ஒட்டும் லா-வும் வரும், பிரதியை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பவர்களும் உண்டு. நாலு மொழி கேட்டு வளர்ந்த நாக்கு அது. நான் முதல் மாதத்தில் ஒரு பெண்ணிடம் ழகரம் பற்றிப் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, என் கேரக்டர் ஈசூன் ஆளு, அவ இப்படித்தான் பேசுவா" என்றாள். ஈசூன் இங்குள்ள ஒரு குடியிருப்பு வட்டாரம். அவள் சொன்னது சரி. ழகரம் ஒழுங்காக வந்திருந்தால்தான் அந்த வேடம் பொய்யாகியிருக்கும்.

சட்டம், உரிமம், சலிப்பூட்டும் ஆனால் தவிர்க்க முடியாத பகுதி

முதலில் வேலை அனுமதி. நீங்கள் வெளிநாட்டவர், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறீர்கள் என்றால், அந்தச் சீட்டு உங்கள் முதலாளியிடம் வேலை செய்வதற்குத்தான். வேறிடத்தில் காசு வாங்கி நடிப்பதும் ஆடுவதும் வகுப்பு எடுப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். "சும்மா ஒரு ஐம்பது வெள்ளிதானே" என்று யாராவது கையில் திணித்தாலும் வாங்காதீர்கள். தொண்டூழியமாகச் செய்வது வேறு, ஆனாலும் மனிதவள அமைச்சிடமும் உங்கள் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பொது நிகழ்ச்சி என்றால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம். நாடகம் என்றால் பிரதி முன்கூட்டியே போக வேண்டும், வயது வரம்பு தரப்படும். இனம், மதம் தொடும் இடங்களைக் கூர்ந்து பார்ப்பார்கள். கடைசி நாளில் வசனத்தை மாற்றும் இயக்குநரோடு சேர்ந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு நன்றாகப் பழகிவிடும். இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1994 புத்தாண்டில் ஒரு கடைத்தொகுதியில் நடந்த ஒரு நிகழ்த்துகலை (நாடகமோ நடனமோ அல்ல, கலைஞர் தம் உடலையே ஊடகமாக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்) சர்ச்சையானது. அதற்குப்பின் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் மேடையேறி மாற்றும் விவாத அரங்குக்கும் அரசு நிதி கிடைக்கவில்லை. மூத்தவர்கள் சில விஷயங்களில் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று வியக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் பாடவோ பறை அடிக்கவோ ஆசை என்றால் அதற்கும் தேசிய கலைகள் மன்றத்தில் தேர்வு, அட்டை, ஒதுக்கிய இடம். ஒத்திகைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம் வசதியாகத் தோன்றும். நாங்கள் ஒரு முறை பறையோடு போய் உட்கார்ந்தோம். ஒன்பதரைக்கு நான்காம் மாடியிலிருந்து ஒரு சீனப் பெரியவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, மேலே கைக்குழந்தை இருக்கிறது என்று கையாலேயே தாலாட்டிக் காட்டினார். மூட்டை கட்டிவிட்டோம்.

அப்புறம் குத்துவிளக்கு. அரங்குக்குள் திறந்த தீக்கு முன்அனுமதி வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் கையில் மெழுகுவத்தியோடு நின்ற பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. அரங்க மேலாளர் ஓடி வந்து நிறுத்தினார். ஐந்து முகத்துக்கும் கைபேசி வெளிச்சம் காட்டிச் சமாளித்தோம். மின்கல விளக்குத் திரிகள் தேக்காவிலேயே விற்கின்றன, இரண்டு செட் வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

காசு

தமிழ் நாடகத்தை மட்டும் நம்பிச் சிங்கப்பூரில் வாடகை கொடுப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பள்ளிகளில் நாடகப் பயிற்சி, வசந்தம் தொலைக்காட்சித் தொடர், விளம்பரக் குரல், நிகழ்ச்சி நெறியாளர் வேலை என்று நாலு வாய்க்காலிலிருந்து தண்ணீர் வந்தால்தான் வயல் நனையும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தேசிய கலைகள் மன்றத்தின் மானியங்களுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுதுவது தனிக் கலை. மேடையில் வாய் திறக்காத ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், மானிய விண்ணப்பம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்குத்தான் நாங்கள் மற்ற எவரையும் விட அதிகமாகப் பயப்படுகிறோம். உங்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் நன்றாக வருமென்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடிகர்களை விட நல்ல வரவேற்பு கிடைக்கும்.

ஒத்திகைக்குப் பின்

உண்மையான பேச்சு ஒத்திகை அறையில் நடப்பதில்லை. பத்தரைக்குப் பிறகு நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908லிருந்து முர்தபா பரோட்டா போடும் ஸம் ஸம் கடையிலோ, தேக்கா பக்கம் திறந்திருக்கும் ஏதோ ஒரு கடையிலோ நடக்கும். சீக்கிரம் முடிந்த நாளென்றால் 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸில் தோசை. யார் அடுத்து என்ன செய்யப்போகிறார், யாருக்கு ஆள் தேவை, எந்தப் பிரதி தேங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும். முதல் சில முறை பேசாமல் கேளுங்கள். மற்ற குழுக்களைப் பற்றிய வம்பு வரும்போது சிரித்துவிட்டு முர்தபாவைக் கவனியுங்கள். இந்த ஊர் சின்னது, இன்று நீங்கள் குறை சொல்லும் நடிகரோடு அடுத்த மாதம் ஒரே ஒப்பனை அறையில் இருப்பீர்கள்.

பம்ப்-அவுட் இரவு

கடைசிக் காட்சி முடிந்ததும் பூச்செண்டு, படம், கட்டிப்பிடிப்பு எல்லாம் நடக்கும். அதே நேரத்தில் பின்னால் அரங்கைக் காலி செய்யும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். தாமதமானால் அரங்கக் கட்டணம் ஏறும். அந்த இரவு கட்டாயம் இருங்கள். தரையில் ஒட்டிய ஸ்பைக் நாடாக்களை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். நகத்தால் மூலையைக் கிளப்பி மெதுவாக இழுத்தால் பசை தரையில் தங்காது, வெடுக்கென்று இழுத்தால் தங்கிவிடும், அப்புறம் முழங்காலில் உட்கார்ந்து சுரண்ட வேண்டும். முழு நீளச் சுவர்ப் பலகைகளைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். ஒப்பனை அறையின் கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள், யாராவது மோதிரத்தைக் கழற்றி வைத்து மறந்திருப்பார்கள்.

லாரி கிளம்ப ஒரு மணியாகும், ரயில் இருக்காது. டாக்சிக் காசைச் சில குழுக்கள் கொடுப்பார்கள், சில குழுக்களிடம் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் லாரிக்காரர் எந்தப் பக்கம் போகிறார் என்று விசாரியுங்கள், முன் இருக்கையில் ஓர் இடம் இருக்கும்.